கேள்விப் பெட்டி துரைராஜ்

துரைராஜிடம் ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு ஐந்து நிமிடத்தில் எழுந்து போன ஆள் நெய்வேலி டவுன்ஷிப்பில் கிடையாது. கேட்டது ஒன்றாக இருக்கும், வருகிற பதில் ஒன்பதாக இருக்கும். சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பிரிவில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவர். பெல்ட் இரைச்சலுக்கு மேலே கத்திக் கத்தி உரமேறிய தொண்டை. சோற்றுக்கு உப்புக் கேட்டால் பக்கத்துக் குவார்ட்டர்ஸில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். ஆனால் கெட்ட மனுஷர் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கெட்டவராக இருந்தால் நாலு திட்டுத் திட்டிவிட்டு நம் வேலையைப் பார்க்கப் போய்விடலாம். நல்லவர் என்பதால்தான் நினைக்க நினைக்க வயிறு எரிகிறது.

குறிஞ்சிப்பாடிப் பக்கத்து ஆள். தாத்தா காலம் வரை பிறத்தியார் நிலத்தில் கூலிக்கு உழுத குடும்பம். தாத்தாதான் லூத்தரன் சபையில் சேர்ந்தவர். அப்பா கிராமத்துச் சபையில் உபதேசியார்; போதகர் வராத ஞாயிறுகளில் ஆராதனை நடத்தி, பிள்ளைகளுக்கு வேதம் சொல்லிக்கொடுத்தவர். மகனுக்கு அவர் விட்டுப்போனது ஒரு பெட்டி நிறையப் புத்தகமும், எதைக் கேட்டாலும் பதில் சொல்லியே தீருகிற பழக்கமும்தான். துரைராஜ் முதலில் காண்ட்ராக்டில் போய், பிறகு பெர்மனன்ட் ஆகி, குவார்ட்டர்ஸ் கிடைத்து, டவுன்ஷிப் ஓரத்தில் இருந்த மீட்பர் லூத்தரன் ஆலயத்தில் சபைக் காரியங்களைப் பார்க்கும் மூப்பரும் ஆனார்.

ஷிஃப்டில் அவரோடு உட்கார்ந்து சாப்பிடுகிற எட்டுப் பேரில் ஏழு பேர் இந்துக்கள். சும்மா விடுவார்களா? நீ ஏன் மாதா கோயிலுக்குப் போவதில்லை, உங்கள் கோயிலில் ஒரு சிலைகூடக் காணோமே, உங்கள் சாமியார் பெண்டாட்டி பிள்ளைகளோடு ஸ்கூட்டரில் போகிறாரே அது எப்படி என்று தினம் ஒன்று வரும். துரைராஜ் சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்துவிட்டு ஆரம்பிப்பார். ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் ஜெர்மனியில் லூத்தர் என்று ஒரு துறவி இருந்தார். காசு கொடுத்தால் பாவத்துக்குக் கழிவு என்று சீட்டு விற்றதை எதிர்த்தார். மன்னிப்பு கடவுள் சும்மா கொடுப்பது, நம்பி வாங்கிக்கொள்ளலாமே தவிர யாரும் உழைத்துச் சம்பாதிக்க முடியாது என்றார். அந்த வழியில் வந்தவர்கள்தான் புராட்டஸ்டன்ட்கள். எங்களுக்கு வேதப்புத்தகம்தான் மேலதிகாரி, போதகர் கல்யாணம் பண்ணிக்கொள்ளலாம், மாதாவுக்கு மரியாதை உண்டு, வேண்டுதல் கிடையாது என்று முடிப்பதற்குள் சைரன் அடித்துவிடும்.

ஒரு நாள் சாமிக்கண்ணு மடக்கினார். அவர் வளையமாதேவிக்காரர், துரைராஜுக்கு இருபது வருஷத்துச் சிநேகிதர். “ஒரே சாமி, ஒரே புத்தகம்ன்ற. அப்புறம் எதுக்குய்யா தெருவுக்குத் தெரு வேற வேற போர்டு மாட்டிகினு இருக்கீங்க?” என்றார். லூத்தரன், சி.எஸ்.ஐ., மெத்தடிஸ்ட், பாப்டிஸ்ட், பெந்தெகோஸ்தே, ரட்சணிய சேனை என்று அவரே விரல் விட்டு எண்ணினார். துரைராஜ் சளைக்கவில்லை. மைன்ஸ் ஒண்ணு, மைன்ஸ் ரெண்டு, ஒன் ஏ என்று மூன்று கேட், மூன்று ஆபீஸ் வைத்திருக்கிறானே, எடுப்பது ஒரே கரிதானே என்று கேட்டார். எட்டுப் பேரும் ஒத்துக்கொண்டார்கள். சாமிக்கண்ணு அந்தப் பதிலை ஒரு வாரம் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

இப்படிப்பட்ட ஆளைக் கோயில் சும்மா வைத்திருக்குமா? 2009இல் ஆலயத்து முன்வாசலில் ஒரு மரப்பெட்டியை மாட்டினார்கள். யாருக்கு என்ன சந்தேகமோ பெயர் போடாமல் சீட்டில் எழுதிப் போடலாம். மாதத்தின் கடைசி ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அரைமணி நேரம் துரைராஜ் பதில் சொல்வார். போதகர் மதிவாணனுக்கு டவுன்ஷிப் தவிர மூன்று கிராமச் சபைகள். கடைசி ஞாயிறுகளில் அவர் கிராமத்துக்குப் போய்விடுவார். ஆகவே பெட்டி முழுக்க முழுக்கத் துரைராஜின் ராஜ்யம். கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த இசைப்பிரியா ஒவ்வொரு சீட்டாகப் பிரித்துப் படிப்பாள், அவர் பதில் சொல்வார். பெந்தெகோஸ்தேக்காரர்கள் அந்நிய பாஷை பேசுகிறார்களே நமக்கு ஏன் வரவில்லை, நகை போடுவது பாவமா, ஏழாம் நாள் சபையார் ஏன் சனிக்கிழமை கும்பிடுகிறார்கள், சினிமா பார்க்கலாமா. அடேயப்பா, ஜனங்கள் வீட்டுச் சமையலைக்கூட மறந்து உட்கார்ந்திருப்பார்கள். துரைராஜுக்குக் ‘கேள்விப் பெட்டி’ என்ற பெயரும் அப்போது வந்ததுதான். அதில் அவருக்கு ஒரே பெருமை.

அவர் மனைவி கிருபாவதி நேர் எதிர். காடாம்புலியூரில் முந்திரித் தோப்புக்கு நடுவே பிறந்தவள். பேசவே மாட்டாள் என்றில்லை. பேச இடம் கிடைக்க வேண்டுமே. கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்தில் அவள் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் அவர் முடித்து வைப்பார். மகன் ஓசூருக்கு வேலைக்குப் போன பிறகு வீட்டில் கேட்ட குரல் ஒன்றே ஒன்றுதான்.

அந்தக் கோயிலில் திருவிருந்து மாதத்தின் முதல் ஞாயிறு. கிறிஸ்துவின் சரீரமும் இரத்தமும் என்று அப்பமும் திராட்சை ரசமும் கொடுப்பார்கள். பீடத்துக்கு முன் வரிசையாக முழங்கால் போட்டு வாங்கிக்கொள்வார்கள். ரசத்தைக் கடையில் வாங்குவதில்லை. அதைக் காய்ச்சுவது கிருபாவதியின் வேலை. வெள்ளிக்கிழமை கறுப்பு உலர்திராட்சையைக் கழுவி, தண்ணீரில் கொதிக்கவிட்டு, ஆறியதும் கையால் பிசைந்து, வெள்ளை மல் துணியில் பிழிந்து வடிப்பாள். அன்று முழுக்க அவள் விரல்கள் கருஞ்சிவப்பாக இருக்கும். ஞாயிறு காலை துரைராஜ் அதைத் தூக்கில் எடுத்துப் போவார். போதகர் அப்பம் கொடுத்துக்கொண்டு முன்னே போக, சின்னக் கிண்ணங்கள் அடுக்கிய தட்டை ஏந்திக்கொண்டு பின்னால் போவதும் அவர்தான்.

2011 டிசம்பர் கடைசியில் ‘தானே’ புயல் வந்தது. காடாம்புலியூரில் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. கிருபாவதியின் தங்கை ஒருத்தி அங்கே இருந்தாள். ஞானஸ்நானப் பெயர் வேறு என்றாலும் ஊருக்கெல்லாம் அவள் செங்கமலம். புருஷன் இல்லை, இருந்த முந்திரி முப்பது மரமும் போயிற்று. பிரமை பிடித்தவள்போல உட்கார்ந்துவிட்டாள். கிருபாவதி மூட்டையைக் கட்டிக்கொண்டு போய்த் தங்கையோடு நாற்பது நாள் இருந்தாள். அந்த நாட்களில் செங்கமலத்தின் வீட்டுக்குத் தார்ப்பாய் கொண்டுவந்து கட்டியதும், கஞ்சி ஊற்றியதும், தினம் கூட உட்கார்ந்து ஜெபித்ததும் பக்கத்து ஊர் பெந்தெகோஸ்தே ஜெபவீட்டுக்காரர்கள்தான். செங்கமலம் அவர்கள் சபையிலேயே சேர்ந்துவிட்டாள்.

இது தெரிந்ததும் துரைராஜ் குதித்தார். திரும்பி வந்த மனைவியை உட்காரவைத்து ஒரு மணி நேரம் பாடம் எடுத்தார். நம் சபையில் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறோம், ஏனென்றால் கிருபை முதலில் வருகிறது, புத்தி பிறகு வருகிறது. அவர்களோ வளர்ந்து, தானே விசுவாசித்து, தண்ணீரில் முழுக மூழ்கினால்தான் செல்லும் என்கிறார்கள். அதனால் நமக்குக் கொடுத்ததைச் செல்லாது என்று சொல்லி மறுபடி முழுக்குக் கொடுக்கிறார்கள் என்றார். அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. கிருபாவதி கேட்டுக்கொண்டு, கீரையை ஆய்ந்துகொண்டு இருந்தாள். நடுவில் ஒரு தடவை, “ஏங்க...” என்று ஆரம்பித்தாள். அவர் கையைக் காட்டி நிறுத்திவிட்டு மேலே சொன்னார். அந்த “ஏங்க” என்னவென்று அப்போதே கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

2012 ஜூன் மாதம், கடைசி ஞாயிறு. அறுபது பேருக்குக் குறையாமல் உட்கார்ந்திருந்தார்கள். இசைப்பிரியா நாலாவது சீட்டைப் பிரித்துப் படித்தாள்: குழந்தையில் ஞானஸ்நானம் பெற்ற ஒருவர், பெரியவரான பிறகு மனம் உருகி இன்னொரு முறை தண்ணீரில் மூழ்கி எழுந்துவிட்டார், அவர் நம் சபையை விட்டுப் போகவில்லை, போகவும் மாட்டார், அவருக்குத் திருவிருந்து உண்டா?

துரைராஜுக்குக் கரும்பு தின்ற மாதிரி ஆகிவிட்டது. வேட்டியை இழுத்துக் கட்டிக்கொண்டு எழுந்து நின்றார்.

“ஒரு புள்ளைக்கு ரெண்டு தரம் தொப்புள்கொடி அறுப்பாங்களா? குழந்தைக்கு ஊத்தினது மூணு கைத் தண்ணிதான். ஊத்தினது யாரு? கடவுள். மறுபடி முழுகுறவரு என்ன சொல்றாரு? ‘ஆண்டவரே, நீ அன்னிக்கிப் பண்ணது சரியில்ல, நானே பாத்துக்கறேன்’னு சொல்றாரு. அவருக்குப் பந்தியில என்ன வேலை? உக்காந்த எடத்துலயே உக்காந்திருக்கட்டும்.”

சிரிப்பு எழுந்தது. பின்வரிசையில் யாரோ கை தட்டினார்கள். இசைப்பிரியா மட்டும் சீட்டைக் கீழே வைக்காமல், சபையை விட்டுப் போகமாட்டார் என்று எழுதியிருக்கிறதே மாமா என்று மெல்ல இழுத்தாள். அடுத்ததைப் படிம்மா என்றார் துரைராஜ்.

அன்று மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, வழக்கம்போலச் சீட்டுகளை அடுக்கி ஒரு கவரில் போட உட்கார்ந்தார். நாலாவது சீட்டு நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் எழுதியிருந்தது. எழுத்து ஒவ்வொன்றும் இடப்பக்கம் சாய்ந்திருந்தது. அவர் அந்த எழுத்தை இருபத்தெட்டு வருஷமாகப் பார்க்கிறார். பால்காரனுக்கு விட்டுப்போகும் துண்டுச்சீட்டில், ஓசூருக்குப் போகும் கடிதத்தில். தலை நிமிர்த்திச் சுவரைப் பார்த்தார். அந்தத் தாள் கிழிந்த நாள்காட்டி அங்கேதான் தொங்கியது.

சமையலறையில் பாத்திரம் தேய்க்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நடந்தால் பத்து அடி. முதலில் கோபம்தான் வந்தது. எனக்குத் தெரியாமலா, என் வீட்டுக்குள்ளேயா என்று. பிறகு வெட்கம் வந்தது. பிறகு, அறுபது பேர் சிரித்தபோது பெண்கள் பக்கம் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தவள் முகம் எப்படி இருந்தது என்று யோசித்துப் பார்த்தார். அவர் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. எழுந்து போய் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். மனுஷர் போகவில்லை. தப்பு அவளுடையது, மறைத்ததும் அவள், அவளே வந்து சொல்லட்டும் என்று சீட்டை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு திருவிருந்து. வெள்ளிக்கிழமை கிருபாவதி எப்போதும்போல ரசம் காய்ச்சினாள். ஞாயிறு அன்று மூன்றாவது பெஞ்ச் எழுந்து பீடத்துக்கு நடந்தபோது அவள் எழுந்திருக்கவில்லை. மற்ற பெண்கள் போக வழிவிட்டுக் காலை ஒடுக்கிக்கொண்டு உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தாள். துரைராஜ் கையில் தட்டோடு நின்று அதைப் பார்த்தார். அவர் சொன்ன வார்த்தையை எழுத்துக்கு எழுத்து அவள் செய்துகொண்டிருந்தாள். கோபமாக உட்கார்ந்திருந்தால் அவருக்கு எளிதாக இருந்திருக்கும். அவள் சாதாரணமாக உட்கார்ந்திருந்தாள்.

இப்படி ஒரு மாதமா, இரண்டு மாதமா? நாலு வருஷம். மாதா மாதம் அவள் காய்ச்சுவாள், அவர் தூக்கிப் போவார், ஊரெல்லாம் குடிக்கும், அவள் பார்த்துக்கொண்டிருப்பாள். அவளுக்கு அப்போது சர்க்கரை இருந்தது; அதனால்தான் ரசம் எடுப்பதில்லை என்று பெண்கள் தாங்களாகவே முடிவு கட்டிக்கொண்டார்கள். கேட்டவர்களிடம் துரைராஜும் ஆமாம், சர்க்கரைதான் என்றார். வாய் நிறைய வேதம் பேசுகிற மனுஷர், கூசாமல் சொன்னார். உண்மையைச் சொன்னால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். மூப்பர் வீட்டிலேயே மறுமுழுக்கா, அன்றைக்கு எங்களுக்கெல்லாம் அவ்வளவு பேசினாரே என்று கேட்பார்கள். வீட்டில் மற்றபடி ஒரு குறையும் இல்லை. அவர் சட்டைக்கு அவள் இஸ்திரி போட்டாள், அவள் மாத்திரைகளை அவர் வேளைக்கு எடுத்துக் கொடுத்தார். அந்த ஒரு விஷயத்தை மட்டும் இரண்டு பேரும் சுற்றிக்கொண்டு போனார்கள்.

2014 ஈஸ்டர் அன்று கிட்டத்தட்ட நடந்துவிட்டது. கோயில் நிறைந்திருந்தது. கடைசி வரிசையும் வாங்கிக்கொண்டு எழுந்து போனபின் தட்டில் ஒரே ஒரு கிண்ணம் மீந்திருந்தது. துரைராஜ் மூன்றாவது பெஞ்சைப் பார்த்தார். கிருபாவதியும் பார்த்தாள். பார்த்துக்கொண்டே முன் பெஞ்சைப் பிடித்து லேசாக எழுந்தாள். பாதி எழுந்தவள் அப்படியே நின்றாள். அவர் தலையை ஒரு தடவை அசைத்திருந்தால் போதும். யாருக்கும் எதையும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் முன்வரிசைகளில் ஐம்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர் பீடத்தின் பக்கம் திரும்பித் தட்டைக் கீழே வைத்துவிட்டார். கால் மரத்துப்போனதால் எழுந்திருப்பாள் என்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்தார்.

2016இல் அவளுக்குச் சிறுநீரகம் கெட்டது. வாரத்துக்கு மூன்று தடவை ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்தம் செய்தார்கள். துரைராஜ் ஷிஃப்ட் மாற்றி வாங்கிக்கொண்டு கூடவே இருந்தார். சாமிக்கண்ணு வீட்டிலிருந்து சாப்பாடு வந்தது. ரசம் காய்ச்சும் வேலையை இசைப்பிரியாவின் அம்மா எடுத்துக்கொண்டாள். பதம் என்னவென்று கிருபாவதி படுத்தபடியே சொல்லி அனுப்பினாள்.

செப்டம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் போதகர் மதிவாணன் வார்டுக்கு வந்தார். நோயாளிகளுக்குத் திருவிருந்து கொடுக்கப் போதகர்கள் கொண்டுபோகும் சின்னத் தோல்பெட்டி கையில் இருந்தது. சங்கீதம் வாசித்தார், ஜெபித்தார். பிறகு, “அம்மா, திருவிருந்து எடுத்துக்கிறீங்களா?” என்றார்.

கிருபாவதி தலையைத் திருப்பிக் கணவரைப் பார்த்தாள். அவ்வளவு மெலிந்த முகத்தில் கண் மட்டும் பெரிதாகத் தெரிந்தது. துரைராஜ் கட்டிலின் கால்மாட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். இப்போது சொல்லப்போகிறாள், செய்தது தப்பு என்று இப்போதாவது சொல்லிவிடுவாள், சொன்னதும் நாமும் சரி என்று சொல்லிவிடலாம் என்று நினைத்தார். அந்த நேரத்திலும் மனுஷர் காத்துக்கொண்டிருந்தார். அவள் அவரைப் பார்த்தபடி வெகுநேரம் இருந்தாள். பிறகு போதகர் பக்கம் திரும்பி, “இப்ப வேணாங்க ஐயா” என்றாள். மதிவாணன் துரைராஜை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தோல்பெட்டியை மூடினார்.

வியாழக்கிழமை விடியற்காலை அவள் போய்விட்டாள்.

அடக்கத்துக்குக் காடாம்புலியூரிலிருந்து செங்கமலம் வந்திருந்தாள். எல்லோரும் கலைந்தபின் அக்காள் புருஷன் காலடியில் உட்கார்ந்து அழுதாள். துரைராஜ், கிருபாவதிக்கு ஏரியில் முழுக்குக் கொடுத்த அன்றைக்கு என்ன நடந்தது என்று கேட்டார். நாலு வருஷத்தில் முதல்தடவையாகக் கேட்டார்.

“எனக்குத் தண்ணின்னா பயம் மாமா. எறங்க மாட்டேன்னு கரையிலயே நின்னுகினு இருந்தேன். அக்காதான் கையப் புடிச்சிகினு கூட எறங்குச்சு. இடுப்பளவு தண்ணில ஊழியக்காரரு, நீயுமாம்மான்னு கேட்டாரு. தலைய ஆட்டிச்சு. அப்புறம் ராத்திரி எங்கிட்ட சொல்லுச்சு, ‘எனக்கு எல்லாத்துக்கும் வேற யாராச்சும்தான் சரின்னு சொன்னாங்க. ஞானஸ்நானத்துக்கு அம்மா அப்பா, கல்யாணத்துக்குப் பெரியப்பா. ஒரே ஒரு தரம் கடவுள்கிட்ட நானே சரின்னு சொல்லணும்னு தோணிச்சு. அவருகிட்ட சொன்னா புரிஞ்சுக்குவாரு’ன்னு. உங்களத்தான் மாமா சொல்லுச்சு.”

 மனைவியை மறுமுழுக்கு, சபைத் துரோகம் என்று நாலு வருஷம் மனசுக்குள் நிறுத்திவைத்து விசாரித்தவர், தங்கை கையைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கிய ஒரு பெண்ணை நினைத்துப் பார்த்ததே இல்லை. புரிந்துகொள்வார் என்று நம்பிக் கிளம்பி வந்தவளைத்தான் உட்காரவைத்து ஒரு மணி நேரம் பாடம் எடுத்தார்.

எட்டாம் நாள் மதிவாணன் வீட்டுக்கு வந்தார். மகன் ஓசூருக்குத் திரும்பிப் போயிருந்தான். துரைராஜ் நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு, போதகர் உட்காருவதற்கு முன்பே ஆரம்பித்தார். அவளுக்குத் திருவிருந்து இல்லாமல் பண்ணியது நான்தான் ஐயா என்றார். சீட்டு, அவர் சொன்ன பதில், ஈஸ்டர், ஆஸ்பத்திரி எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னார். உங்களுக்கும் தெரியாமல் மறைத்துவிட்டேன், என்னை மூப்பர் பொறுப்பிலிருந்து எடுத்துவிடுங்கள் என்றார்.

போதகர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

“எனக்கு முதல்லேர்ந்தே தெரியும், துரைராஜ். நீங்க பதில் சொன்ன அடுத்த புதன்கிழமையே அம்மா என்கிட்ட வந்தாங்க. எல்லாத்தையும் சொன்னாங்க. நம்ம சபையில இதுக்காக யாரையும் பந்தியிலேருந்து தள்ளி வெச்சதில்லைம்மா, நீங்க தாராளமா வாங்கன்னு நான் சொல்லிட்டேன்.”

 அப்படியானால் அவள் ஏன் வரவில்லை என்று கேட்டார் துரைராஜ்.

“அதத்தான் நானும் கேட்டேன். ‘நீங்க வான்னா வந்துடலாங்க ஐயா. ஆனா அது நீங்க கூப்பிட்டதா இருக்கும். உக்காருன்னு சொன்னவரு எழுந்து வான்னு சொல்லட்டும், நான் ஓடி வந்துடறேன்’னாங்க. நான் உங்ககிட்ட பேசறேன்னு சொன்னதுக்கும் ஒத்துக்கலை. ‘நீங்க சொல்லி அவர் கூப்பிட்டா எனக்கு வேணாம்’னு சத்தியம் வாங்கிகிட்டாங்க. நானும் வாயை மூடிகிட்டு இருந்துட்டேன். இருந்திருக்கக் கூடாது.” மதிவாணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ஆஸ்பத்திரியில அன்னிக்கி உங்களைப் பார்த்தாங்களே. அதுக்குத்தான் பார்த்தாங்க.”

வெளியே இரண்டாவது ஷிஃப்ட் பஸ் திரும்பிப் போகும் சத்தம் கேட்டது.  பாவம் துரைராஜ், அவள் மன்னிப்புக் கேட்கட்டும் என்று தாம் காத்திருப்பதாக நாலு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தார். காத்திருந்தது அவள். அவளுக்கு வேண்டியிருந்தது சட்டமோ விளக்கமோ இல்லை, அவர் வாயால் ஒரு ‘வா’. இந்த நாலு வருஷத்தில் அவர் ஆயிரம் பேருக்கு ஆயிரம் பேச்சுப் பேசியிருப்பார், அதை மட்டும் பேசவில்லை.

பக்கத்து வீட்டுக் கத்தோலிக்க அம்மாவாக இருந்தால் இறந்தவர் பெயரில் பூசை வைத்து மனசை ஆற்றிக்கொள்வாள். சாமிக்கண்ணுவாக இருந்தால் பதினாறாம் நாள் இலை போட்டு, பிடித்ததைப் படைத்து, வந்து சாப்பிடு தாயே என்று வாய்விட்டுக் கூப்பிடுவார். துரைராஜின் சபையில் அது கிடையாது. இறந்தவர் கர்த்தரிடம் போய்விட்டார், அவரோடு நமக்குப் பேச்சு இல்லை, அவருக்காக ஜெபமும் இல்லை. உயிரோடு இருக்கும்போது சொல்லாமல் விட்டதைச் சொல்ல அங்கே ஒரு வழியும் வைக்கவில்லை.

“இப்ப கூப்பிட்டா அவளுக்குக் கேக்குமாங்க ஐயா?” என்றார் துரைராஜ்.

மதிவாணன் படித்த படிப்பில் இதற்குப் பதில் இருந்தது. அதைச் சொல்ல அவருக்கு மனசு வரவில்லை. நாற்காலியை நகர்த்திப் பக்கத்தில் போட்டுக்கொண்டு துரைராஜின் கையைப் பிடித்துக்கொண்டார். துரைராஜுக்கும் அந்தப் பதில் தெரியும். தெரிந்தும், போதகர் வேறு ஏதாவது சொல்லமாட்டாரா என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு அழுதார்.